வெந்நீர், இருபது ரூபாய்

மாங்காய் வரத்து குறைந்த ஒரு வியாழக்கிழமை
மண்டியை இரண்டு மணிக்கே சாத்திவிட்டு
கிருஷ்ணகிரிக்குள் மேட்னி போனோம்,
நானும் எடைமேடை சென்னகிருஷ்ணனும்.
பழைய படத்தை அவன் ஒன்பது முறை பார்த்தவன்.
புதுசைப் பார்க்க வந்தது
சண்டை போடத்தான்.

போட்டான்.
முதல் பாட்டிலேயே ஆரம்பித்தான்:
மழையைப் பாருடா, குழாய்த் தண்ணி மாதிரி.
கதாநாயகன் அழுதபோது
தாடிக்கு எண்ணெய் வைத்திருந்தது தெரிந்தது.
கதாநாயகிக்கு நோய்.
என்ன நோயென்று டாக்டருக்கே தெரியவில்லை,
ஒவ்வொரு இருமலுக்கும்
உதட்டுச் சாயம் மட்டும் ஒரு சுற்று கூடியது.
மலை உச்சியில் பிரிந்தார்கள்,
ரயிலடியில் பிரிந்தார்கள்,
இடைவேளையில் நாங்களும் பிரிந்து
அவன் முறுக்குக்கும் நான் ஒன்றுக்கும் போனோம்.

பிறகுதான் அவள் வந்தாள்.

மலையூர் லாட்ஜில் கணக்கு எழுதுகிறவள்.
நாற்பது வயதிருக்கும்.
மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருந்தது.
காதலியைத் தேடி வந்த கதாநாயகன்
மூன்று நாள் தங்குகிறான்,
பாடாத நேரத்தில் சாப்பிடுகிறான்.
ராத்திரி மாடியில் அவன் நடக்கிற சத்தத்துக்கு
கீழே இவள் தலை தூக்குவாள்,
திரும்ப எழுதுவாள்.
அவ்வளவுதான் அவள் பங்கு.
கதை எழுதினவருக்கே தெரிந்திருக்குமா, சந்தேகம்.

நாலாம் நாள் காலை பில் போடுகிறாள்.
அறை வாடகை, மூன்று நாள்.
சாப்பாடு, இரண்டு வேளை.
வெந்நீர், இருபது ரூபாய்.
எழுதி முடித்தும் பேனா தாளைவிட்டு எழவில்லை.
அவன் வாசலில் ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
வெந்நீரின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

ஒரே கோடு.

பதினெட்டு வருஷமாய் சிட்டை எழுதுகிறேன்.
செந்தூரா இத்தனை பெட்டி, பீத்தர் இத்தனை,
பெங்களூரா டன் கணக்கில் கூழ் பேக்டரிக்கு.
அடித்தல் விழுந்தால் கிறுக்கக் கூடாது.
கீழே இருக்கிற எண்
முதலாளிக்கும் தெரிய வேண்டும்,
காய் கொண்டுவந்தவனுக்கும் தெரிய வேண்டும்.
அந்த நடிகைக்கு இதை யார் சொன்னது?

தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.
படிக்காமல் பணம் கொடுத்தான்.
மீதிச் சில்லறை எண்ணும்போது அவள் உதடு அசைந்தது.
எண்கள்தான், வேறொன்றுமில்லை.
கூடவே நானும் எண்ணினேன், சரியாக இருந்தது.
ஜீப் போயிற்று.
அடுத்த பக்கத்தில் தேதி போட்டாள்.

அதற்கப்புறமும் படம் நாற்பது நிமிஷம் ஓடியது.
கதாநாயகி செத்தாள், மெதுவாக, வயலினோடு.
'பழசுல இந்த எடத்துல கொட்டகையே விம்மும்டா.'
பின்வரிசையில் யாரோ போனில்
தக்காளி கிரேடு என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெயர்கள் ஓடி முடிகிறவரை நான் எழவில்லை.
விளக்கைப் போட்டுவிட்டார்கள். திரை வெளுத்துவிட்டது.
துடைப்பக்காரர் காலைத் தூக்கச் சொன்னார்.
சண்டைப் பயிற்சி, கேரவன், சாப்பாடு,
நாய் கொடுத்து உதவியவர்,
லாட்ஜ் என்று ஒரு வரி வந்த மாதிரி இருந்தது.
எதிரே ஒரு பெயர். 'மு'வில் ஆரம்பித்தது,
அல்லது 'மூ'.

வண்டியை எடுக்கும்போது கேட்டேன்:
பழைய படத்துல அந்த லாட்ஜ் சீன்ல யாரு?
ஒன்பது முறை பார்த்தவன் யோசித்தான்.
'லாட்ஜா? பழசுல லாட்ஜ் ஏது.'
ஓசூர் பஸ் ஒன்று ஹாரனோடு தாண்டியது.
'இருந்திருக்கும். எவனாவது பில்லு குடுத்திருப்பான்.'

ராயக்கோட்டை மேம்பாலம் வரை
பழைய கதையைத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான்.
நான் பின்னால் உட்கார்ந்து
ஊம் கொட்டிக்கொண்டே
விரல் மடக்கிக்கொண்டிருந்தேன்.

வந்த அன்று ராத்திரி இட்லி.
மறுநாள் காலை, மதியம்.
மழை பெய்த ராத்திரி, மெழுகுவத்தி வெளிச்சத்தில்.
கிளம்புவதற்கு முந்தின மதியம் தயிர்ச்சோறு,
பாதியில் கை கழுவினான்.
ஐந்து.

சாப்பாடு இரண்டு வேளை என்று எழுதினாள்.

'நிறுத்து' என்றேன்.
பாலத்தின் மேல் ஓரங்கட்டினான். 'என்னடா?'
லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
ஒன்றுமில்லை, ஓட்டு என்றேன்.